ராணிக்கு எதற்குச் சுண்ணாம்பு டப்பி?

கொச்சியில் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சேட்டா, நீங்கள் திருடியிருக்கிறீர்கள். ஒருமுறை பிடிபட்டுப் பலகையைக் கழற்றினீர்கள். பிடித்த ஆள் இப்போது ஊரில் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி மாட்டிவிட்டீர்கள். 'அரண்மனை ராணிகள் பூசிய உதட்டுத் தைலம்.' போன வாரம் நானே பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அதைச் செய்தது எந்த ராணியும் இல்லை. மட்டாஞ்சேரியில் குக்கர் ரிப்பேர் பார்த்த ராவுத்தர். கொச்சியில் உள்ள தற்பெருமைக்காரர்களை எல்லாம் ஒரே படகில் ஏற்றினால், குக்கர் ராவுத்தர் உட்கார்ந்த பக்கம் படகு கவிழும். இந்த ஊரில் சோறு வேகிறதென்றால் அது தன்னால்தான் என்று அவர் மனதார நம்பினார். தெருவில் போகும்போது ஏதாவது வீட்டில் குக்கர் கூவினால் நின்று காது கொடுப்பார். சத்தம் பிசிறினால் ஜன்னல் வழியாகவே அதட்டுவார். "யாரு வீட்டுல? கேஸ்கட் போச்சு. அடுப்ப அணை."

நான் போடியிலிருந்து பிழைக்க வந்தவள். அவர் கடைக்கு எதிரே இருந்த சுக்கு குடோனில் சலிக்கிற வேலை. சுக்கு வெளுப்பாகத் தெரிய அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கிக் காய வைப்பார்கள். சலித்தால் அந்தத் தூசி முகமெல்லாம் அப்பும். உதடு வெடித்து ரத்தம் கசியும். சிரித்தால் வலிக்கும் என்பதால் நாங்கள் சிரிப்பதையே விட்டிருந்தோம். தெருவில் எங்களுக்குத் திமிர் பிடித்தவர்கள் என்று பெயர்.

ஒருநாள் என் குக்கரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் குக்கரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

"போடிக்காரி, குக்கர் நல்லாத்தான் இருக்கு. உன் கேஸ்கட்தான் போச்சு."

"என்ன ராவுத்தரே சொல்றீங்க?"

"உதடு, புள்ளே. உதடுன்னா என்னன்னு நெனச்சே? கேஸ்கட்தான். காஞ்சா வெடிக்கும். எண்ணெ போட்டா சரியாகும். கூட மெழுகு சேத்தா எண்ணெ ஓடாம நிக்கும். இதுக்குப் போயி டாக்டரா?"

அன்றே ஆரம்பித்தார். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் ஒரு டம்ளரில். டம்ளர் குக்கர் தண்ணீருக்குள். கீழே அடுப்பு. மூடி போட வேண்டிய அவசியமே இல்லை, உருகினால் போதும். ஆனால் குக்கர்காரன் திறந்து வைத்துச் சமைத்தால் ஊர் சிரிக்கும் என்று மூடினார். வெயிட்டும் போட்டார். அது ரிப்பேருக்கு வந்த குக்கர் என்பதை மட்டும் மறந்துவிட்டார். வால்வு பிய்த்துக்கொண்டு போனது. மெழுகு முழுவதும் கூரையில். வெயில் ஏறும்போதெல்லாம் ஓட்டிலிருந்து வாடிக்கையாளர் தலையில் சொட்டியது. கேட்டவர்களிடம், "முடிக்கும் நல்லதுதான்" என்றார்.

அடுத்த முறை மூடாமல் காய்ச்சினார். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய், வாசனைக்கு ஏலக்காய்ப் பொடி. நன்றாகவே வந்தது. ஊற்றி வைக்க அவர் தேர்ந்தெடுத்தது வெற்றிலைக்காரர்களின் சுண்ணாம்பு டப்பி. ஏன் என்றால், அந்த மூடிதான் 'டக்' என்று விழும். அடைப்பு சரியில்லாத பாத்திரம் அவருக்கு ஆகாது. எங்கள் குடோனில் மூட்டை இறக்கும் அண்ணன் அதைச் சுண்ணாம்பு என்றே நினைத்து வெற்றிலையில் தாராளமாகத் தடவி வாயில் போட்டுவிட்டார்.

"ராவுத்தரே, வாயில ஒண்ணும் நிக்கல. வெத்தல, பாக்கு எல்லாம் வழுக்கிட்டு உள்ள போயிருச்சு."

"தொண்டைக்கும் கேஸ்கட் மாத்தினதா நெனச்சுக்கோ."

சும்மாவே கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பூசிக்கொண்டு அவர் முன்னால் விசிலடித்துக் காட்ட வேண்டும். விசில் வராவிட்டால் உதடு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம், மறுபடி பூச வேண்டும். விசில் தெரியாது என்று சொன்னவர்களுக்கு அவரே கற்றுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் குடோன் முழுக்கப் பெண்கள் விசில். கணக்குப்பிள்ளை அலறிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"பொம்பளைங்க விசிலடிக்கிறது குடும்பத்துக்கு ஆகாது, ராவுத்தரே."

"உன் வீட்டுக் குக்கர் விசிலடிச்சா சோறு வெந்துச்சுன்னு சந்தோஷமா எலை போடறே. இவளுங்க அடிச்சா மட்டும் உனக்கு என்ன வேகுது?"

நாங்கள் சிரித்தோம். உதடு வெடிக்கவில்லை.

சேட்டா, இனி கதையில் நீங்கள் வருகிறீர்கள். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குடோனைச் சுற்றிக் காட்டினீர்கள். என் டப்பியை வாங்கி மோந்து பார்த்து, "இதெந்தா சேச்சி?" என்று கேட்டீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது, சொன்னேன். அடுத்த மாதம் உங்கள் கடையில் ராணி பிறந்துவிட்டாள். பித்தளைச் சுண்ணாம்பு டப்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தாள்.

ராவுத்தர் கரிக்கையோடு வந்தார். சாயா குடிக்கும் நேரம் என்பதால் நாங்களும் பின்னால் போனோம். கடை நிறைய வெள்ளைக்காரர்கள், கூடவே ஒரு கைடு.

"வித்துக்கோ. எனக்கு ஒண்ணும் வேண்டாம். 'குக்கர் ராவுத்தர் மருந்து'ன்னு பேரை மட்டும் எழுது."

"இது பழய பேலஸ் கூட்டு, ராவுத்தரே. நீங்க போயி குக்கரைப் பாருங்க" என்றீர்கள்.

"அப்படியா. அப்ப ராணி எதுக்கு உதட்டு மருந்தைச் சுண்ணாம்பு டப்பியில வெச்சிருந்தா?"

கைடு அதை மொழிபெயர்த்ததும் வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். ராவுத்தர் விடவில்லை.

"சரி, உன் மருந்தை நீயே பூசு. விசிலடி."

எல்லோரும் பார்க்கிறார்களே என்று பூசினீர்கள். வெயிலில் உருகக் கூடாதென்று மெழுகை அள்ளிப் போட்டிருந்தீர்கள் அல்லவா? உதடு ஒட்டிக்கொண்டது. குவித்து ஊதினீர்கள். காற்றுதான் வந்தது. ராவுத்தர் குனிந்து, குக்கருக்குக் கொடுப்பது போலவே உங்கள் வாய்க்கும் காது கொடுத்தார்.

"அடைச்சிருக்கு. கழட்டித்தான் பாக்கணும்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மோளே, அடிங்க."

அடித்தோம். சுக்குத் தூசி படிந்த முகத்தோடு அத்தனை பேரும் அடித்தோம். எல்லாக் கடையிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். மிளகு மூட்டை மேல் படுத்திருந்த ஆடு எழுந்து ஓடியது. இதுவும் சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். சாயங்காலம் உங்கள் பலகை இறங்கியது. அன்று ராவுத்தர் நடந்த நடைக்கு ஜூ டவுன் தெரு அகலம் போதவில்லை.

இப்போது அவர் ஆலுவாவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மகளிடம் மின்சாரக் குக்கர், விசிலே இல்லை. வீடா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்று போனில் புலம்புகிறார். அவருக்காகவே என் குக்கர் கூவும் நேரத்தில் போன் போடுகிறேன். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, போடிக்காரி" என்பார்.

அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பத்திரிகையில் வரும் இந்தப் பக்கத்தை நான்தான் போனில் வாசித்துக் காட்டப் போகிறேன். அதனால் சேட்டா, பதிலை என்னிடம் தனியாக வந்து சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் பார்க்க எழுதுங்கள். எந்த ராணி? அவளுக்கு என்ன பெயர்? பெயர் இல்லையென்றால் பலகையில் ராவுத்தர் பெயரை எழுதுங்கள். இரண்டும் முடியாதென்றால் கடை வாசலில் நின்று ஒரு விசில் அடியுங்கள். போனைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன். ஆலுவாவில் ஒருவர் காது கொடுத்துக் காத்திருக்கிறார்.