தாலிக்கு முந்திய கெட்டி மேளம்

எதற்கும் லாயக்கில்லாதவனுக்கென்று எங்கள் குடும்பக் கல்யாணங்களில் ஒரு சுலபமான வேலையை ஒதுக்குவார்கள். இருப்பதிலேயே ஆபத்தான வேலை அதுதான்.

அக்கா கல்யாணம் குமணன்சாவடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேளக்காரர்களுக்கு மேடை தெரியாதபடி ஒரு தூண் மறைத்தது. ஐயர் சைகை காட்டியதும் நான் கையைத் தூக்க வேண்டும். அதைப் பார்த்துக் கெட்டி மேளம் கொட்டுவார்கள். தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமாக எதுவும் காதில் விழக்கூடாதே, அதற்காக.

"அண்ணாத்தே, நீ கைய மட்டும் தூக்கு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார் தவில்காரர். (பார்த்துக்கொண்டார்கள், நன்றாகவே.)

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக மண்டபத்தைச் சுற்றக் கிளம்பியது. எங்கள் சொந்தக்காரர்கள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டதோடு விடமாட்டார்கள், எத்தனை பவுன் என்றும் விசாரிப்பார்கள். எப்படியும் நேரமாகும் என்று வேட்டி மடிப்பிலிருந்து என் கையடக்க வீடியோ கேமை எடுத்தேன். (ஆமாம், இருபத்தாறு வயது. ஐ.டி. வேலை. டீம் லீட் வேறு.) பழைய கார்ட்டூன் ஒன்றை வைத்துச் செய்த விளையாட்டு அது. குடை பிடித்த தவளை ஒன்று, தன் சாப்பாட்டைத் திருடிய கொக்கைத் தேடி மேகத்துக்கு மேகம் தாவும். ஒரு வாரமாக நான் கடைசி மேகத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

அன்று தவளை விழவில்லை. கொக்கின் மண்டையில் குடையால் ஒரே போடு! என்னை மறந்து இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.

ஒரு கைக்குக் காத்திருந்தவர்கள் இரண்டைக் கண்டதும் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். மண்டபமே எழுந்து அட்சதை வீசியது. அக்கா தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை வெறும் கையோடு திருதிருவென்று விழித்தார். தாலி, கடைசி வரிசையில் காட்டுப்பாக்கம் அத்தையிடம் இருந்தது. அவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? பதறிப்போய்க் கையை ஆட்டினேன். இன்னும் வேகமாக அடித்தார்கள்.

சித்தப்பா ஓடிவந்தார். "இன்னாடா பண்ணிக்கினு கீற? முகூர்த்தம் முடியப் போவுது!"

தட்டு தலைகளுக்கு மேலே கைமாறி மேடைக்கு வந்தது. நல்ல வேளை, முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் மேளத்தில் மூச்சில்லை, யாரிடமும் அட்சதையும் இல்லை. தரையில் கிடந்ததைப் பொறுக்கிப் போட்டார்கள். அக்கா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று மேடைக்கு ஓடினேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்தம் நெருங்கினால், அக்கா வீட்டுக்காரர் யாருடைய குழந்தையையாவது தூக்கி வந்து என்னிடம் நீட்டுவார். "மச்சான், ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்க."

கெட்டி மேளம் முழங்கியதும் குழந்தை வீறிட்டு அழும். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது, என்னைத் தவிர.