எல்லாம் பொடுகுதான்!

தலை இருக்கிற எல்லாரும் தலை நிபுணர் ஆகிவிட முடியாது. அதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் போதும், எங்கிருந்தோ முளைத்து, உங்கள் தோளை விரலால் தட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பொடுகு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் "சௌக்கியமா?" என்று கேட்கும்.

எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இந்த இனத்தில் முதல் தரம். வீட்டுச் சாமான் கடையில் விற்பனையாளர். வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர் தலைக்கு என்ன தேய்ப்பது என்று தெரிந்துகொண்டு, மெஷினை மறந்துவிட்டுப் போவார். அத்தானுக்குத் தெரிந்த நோய் ஒன்று, பொடுகு. மருந்து ஒன்று, எண்ணெய். புதுச் சாயம் பூசி மண்டை எரிகிறது என்ற மேனேஜருக்கும் எண்ணெய். தலையிலும் மூக்கோரத்திலும் பிசுபிசுவென்று மஞ்சள் செதில் உரிந்த காசாளருக்கு, இருக்கிற பிசுக்கு போதாதென்று மேலும் எண்ணெய். தலையிலும் முழங்கையிலும் வெள்ளி நிறத்தில் தடித்துக் கிடந்த வாட்ச்மேனுக்கும் எண்ணெய். கேட்டால், "நான் எத்தனை தலை பார்த்திருக்கேன் தெரியுமா!" என்பார். பார்த்தார், சரி. பார்த்து என்ன தெரிந்துகொண்டார்?

வம்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. அவருடைய ஏழு வயது மகள் ஓயாமல் தலையைச் சொறிந்தாள். அக்கா முடியை விலக்கிக் காட்டினாள். காசளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் செதில், முடியெல்லாம் வேரை ஒட்டி ஒடிந்து கரும்புள்ளியாக நின்றது.

"என்னங்க, இந்த இடத்துல முடியே இல்ல. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"பொடுகுக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா? ஊரே என்கிட்ட வருது!"

எண்ணெய் வழிந்தது. வட்டம் பெருத்தது, பக்கத்தில் இன்னொன்றும் முளைத்தது. ஒருநாள் சீப்போடு முடி கொத்தாக வந்தபோது குழந்தை, "அம்மா, எனக்கு மொட்டை ஆயிடுமா?" என்று கேட்டாள். அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க. நான் கூட்டிட்டுப் போறேன்!"

அத்தான் வந்தார், துணைக்கு நானும் போனேன். காத்திருந்த நேரத்தில்கூட அவர் சும்மா இருக்கவில்லை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்தார். "இது பொடுகு இல்லைங்க, படர்தாமரை. எண்ணெய்க்கெல்லாம் கேக்காது, மாத்திரை சாப்பிடணும். சீப்பு, துண்டு எல்லாம் தனியா வையுங்க, ஒட்டிக்கும்."

அத்தான் நாற்காலி நுனிக்கு வந்தார். "முடி... திரும்ப வளருமா டாக்டர்?" தலையைப் பற்றி அவர் இன்னொருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

"வளரும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா தழும்பாயி, வளராமலே போயிருக்கலாம்."

முடி வளர்ந்தது. அத்தான் திருந்தினாரா? ஓ, பேஷாக! இப்போதெல்லாம் யாருக்கும் பொடுகு என்று சொல்வதே இல்லை. "பொடுகா? யார் சொன்னா? இது படர்தாமரை சார்! சீப்பைத் தனியா வையுங்க!"

சிரிக்காதீர்கள் வாசகரே. இதைப் படித்ததில் நாலு வகைத் தலைத் தொல்லை உங்களுக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் சித்தப்பா தலையில் இருப்பது அதில் எது என்று மனசுக்குள் முடிவும் கட்டிவிட்டீர்கள். இல்லவே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் சித்தப்பாவுக்குச் சொல்லக் கை ஏன் போனைத் தேடுகிறது?