மேனேஜரும் ஆமாஞ்சாமியும்

"இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். இந்த வீட்ல நானா, அதுங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் கேட்டேவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் பாதியிலேயே தொண்டை கட்டிக்கொண்டது.

'அதுங்க' என்றால் இரண்டு கினிப் பன்றிகள்; பேர்தான் பன்றி, எலி ஜாதியில் முயல்குட்டி அளவுப் பிராணிகள். மச்சினி வேலை மாற்றலாகிப் போகும்போது அக்கா தலையில் கட்டிவிட்டுப் போனவை. கறுப்பு வெள்ளை நிறத்தது காரணமில்லாமல் கத்தும். அது மேனேஜர். பழுப்பு நிறத்தது மேனேஜர் பின்னாலேயே அலையும். அது ஆமாஞ்சாமி. இதுவரை இரண்டுக்கும் குடித்தனம் ஹாலில். இப்போது மனைவியின் கண் மெக்கானிக்கின் சின்ன அறைமேல் விழுந்திருந்தது. சாய்வு நாற்காலி, ரேடியோ, ஸ்பேனர் பெட்டி என்று வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்த இடமே அதுதான்.

"தோட்டத்துல கூண்டு கட்டறேன். ரெண்டும் இனிமே அங்கதான்!"

"சரிங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். நீங்களே பார்த்துக்குங்க. அதுங்களுக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, ஊதக்காத்து ஆகாது."

"அப்ப என்னதான் ஆகும்?"

"வீடு ஆகும்."

ரோஷத்தோடு கூண்டு கட்டினார். பிளைவுட் பலகை, தகரக் கூரை, கம்பி வலை, தரையில் படாமல் நாலு கால். ஆனால் வானம் அவரோடு ஒத்துப்போகவில்லை. காலையில் சுட்டது, மத்தியானம் மூடியது, சாயங்காலம் கொட்டியது. வெயிலுக்குக் கூண்டை மரத்தடிக்கு இழுத்தார். மரம் சொட்டியதும் சுவரோரம் தள்ளினார். தார்ப்பாயை மூடினார், புழுங்குமே என்று திறந்தார், மறுபடி மூடினார். போகப் போக அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மேனேஜர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மனைவிக்குத் தெரியாமல் சட்டைப் பையில் வெள்ளரித் துண்டு கொண்டுபோக ஆரம்பித்தார் மெக்கானிக்.

அன்று காலை நெருப்பாய் வெயில். கூண்டை நிழலில் தள்ளி, புல்லைப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். மத்தியானம் ஓர் ஆஸ்பத்திரி மொட்டை மாடி மெஷின் ரூமில், லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியே பார்த்தார். வானம் கரியாக இருந்தது. காற்று சுழன்றது.

கூண்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா?

எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஊரார் லிஃப்ட் கதவையெல்லாம் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன்! கூட வேலை செய்தவரிடம் எண்ணெய்க் குப்பியைத் திணித்துவிட்டு ஓடினார்.

வீட்டுக்கு வந்தபோது மழை அடித்துக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் போகாமல் நேரே தோட்டத்துக்குள் நுழைந்தார். தார்ப்பாய் வேலியில் தொங்கியது. கூண்டுக் கதவு காற்றில் டப் டப்பென்று ஆடியது. உள்ளே ஊறிப்போன வைக்கோல் மட்டும்தான். மதில்மேல், ஓட்டுச் சார்ப்புக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கூண்டுக்குள் கைவிட்டு வைக்கோலைக் கிளறிப் பார்த்தார்.

"என்னங்க, வந்துட்டீங்களா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி குரல். "குட்டிங்க எப்படி இருக்கு?"

வாய் முந்திக்கொண்டது. "ஜோரா இருக்கு!"

"ரெண்டுமா?"

"ரெண்டும்!"

"நனையலையே?"

"ஒரு சொட்டு படல! நான் கட்டின கூண்டாச்சே!"

"மேனேஜர் சத்தத்தையே காணோம்?"

"தூ... தூங்குது."

"ஆமாஞ்சாமி?"

"அது தூங்கினா இதுவும் தூங்கும். நீ உள்ள போ, சாரல் அடிக்குது!"

ஜன்னல் மூடியது. மெக்கானிக் சேற்றில் மண்டியிட்டார். செடிக்கடியில் கைவிட்டார், செங்கல் அடுக்கைப் புரட்டினார், சாக்கடை வாய்க்குள் தலையைக் கொடுத்தார். "மேனேஜர்... சார்..." என்று கெஞ்சும் குரலில் கூப்பிட்டார். பையிலிருந்த வெள்ளரியை எடுத்து நீட்டினார். எங்கும் அந்தக் கீச்சுச் சத்தம் வரவில்லை. பூனையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. முகத்தில் ஓடியது மழைத் தண்ணீர்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? நனைந்த காக்காய்போல உள்ளே வந்தார். மனைவி துண்டோடு நின்றிருந்தாள்.

"இந்தா பாரு... ஒண்ணு சொல்லணும்..."

அவர் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் எங்கிருந்தோ "கீச்ச்ச்!"

மெக்கானிக் தன் அறைக் கதவைத் தள்ளினார். சாய்வு நாற்காலியில் வைக்கோல் மெத்தை. அதன்மேல், ஒரு முடிகூட நனையாமல், மேனேஜர். பக்கத்தில் ஆமாஞ்சாமி. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் பெட்டியைக் காணோம்.

"மழை வர்றதுக்கு முன்னாடியே நீ தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார், பாதிச் சந்தோஷத்திலும் பாதி ஆத்திரத்திலும்.

"நானா? நம்ம குட்டிங்கதான் கூண்டுல ஜோரா தூங்குதே, நீங்களே பார்த்தீங்களே!" மனைவி துண்டை அவர் தலையில் போட்டாள். "இதுங்க வேற யார் வீட்டுதோ, பாவம். சொந்தக்காரங்க தேடி வர்ற வரைக்கும் உங்க ரூம்லயே இருக்கட்டுங்க."