மண்ணுக்குள் மொலாசஸ் ஊற்றும் விஷயமாக

கடலூர்

பேரன்புள்ள மச்சான் கார்த்திகேசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ராசம்மாளின் கணவன் தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராசம்மாளும் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. சிதம்பரத்தில் நீங்களும் வீட்டில் அனைவரும் நடராசர் கிருபையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருந்த சாயக் கம்பெனி மூடிப் பல வருஷமாகிவிட்டதும், அது விட்டுப்போன கழிவு மண்ணுக்குள் இறங்கி எங்கள் கிணற்றுத் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்ததும், அந்தத் தண்ணீரில் பாத்திரம் துலக்கி ராசம்மாளுக்குக் கையெல்லாம் அரிப்பு கண்டதும் நீங்கள் அறிந்தவையே. இப்போது திடீரென்று அதைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறார்கள். வந்த பெண் இன்ஜினீயரின் பெயர் ஜான்சி. தெருக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் கூட்டி, "மூணு வழி இருக்கு, கொஞ்சமா செஞ்சு காட்டுறோம், பாத்துட்டு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றது. எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. நம்மைக் கேட்டு ஒரு வேலை நடந்ததாக நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

கெட்டுப்போன மண்ணைத் தோண்டி லாரியில் அனுப்புவது முதல் வழி. எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "அதுக்குன்னே தனி இடம் இருக்கு சார்" என்றது. பெயர் சொல்லாத இடம்! மறுநாள் மதில் ஓரத்து மண்ணை அள்ளித் தார்ப்பாய் போட்டு லாரி கிளம்பியதும், நான் டி.வி.எஸ்ஸில் பின்தொடர்ந்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் யாரோ வீடு கட்டும் மனையில் போய் மண்ணைக் கொட்டினான் மச்சான்! வண்டியைக் குறுக்கே போட்டு மறித்தேன். டிரைவர் ராஜவேல் இறங்கி வந்து, "இன்னா சார், இது செம்மண்ணு, அடிமனை ரொப்ப எடுத்தாறேன். நீங்க சொல்ற கம்பெனி வண்டி ரவுண்டானாலயே லெஃப்ட்ல போயிடுச்சே" என்றான். வீட்டுக்காரர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டு கலர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதிலும் ஒரு வாடை இருந்தது.

நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்துச் சுத்திகரித்து மறுபடி உள்ளே விடுவது இரண்டாவது வழி. அது முடியப் பல வருஷமாகுமாம். "நாங்க இருக்கும்போதே முடியுமா?" என்று ராசம்மாள் கேட்டாள். ஜான்சி அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது.

மூன்றாவது வழியை யாரும் எனக்குச் சரியாக விளக்கவில்லை. ஒரு நாள் காலை கொல்லைப்பக்கம் பீப்பாய் பீப்பாயாக இறக்கினார்கள். மூடியைத் திறந்து மோந்தால் மொலாசஸ்! சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை மறைவாக எதற்கு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டேன். ஏட்டு வந்து ஜான்சியை விசாரித்தார். "இத தண்ணில கலந்து குழா வழியா மண்ணுக்குள்ள விடுவோம் சார். மண்ணுல இருக்கற கிருமிங்க இதத் தின்னு பெருகி, சாய விஷத்த ஒடச்சிடும்" என்றது அது. ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் விடவில்லை. "கிருமி ஏற்கெனவே மண்ணுலதான இருக்கு? இத்தன வருஷமா சும்மாவா குந்திக்கினு இருந்துச்சு?" என்றேன். உங்கள் தங்கை எல்லார் முன்னாலும், "சோறு போட்டாத்தான வேல நடக்கும்? உங்களுக்குத் தெரியாததா?" என்கிறாள்.

கடைசிக் கூட்டத்தில் எதுவுமே வேண்டாம் என்று நான் எழுந்து நின்றேன். எனக்கு எதிராக எழுந்தவள் ராசம்மாள். "செவுத்தோரம் ரொம்பக் கெட்ட மண்ண மட்டும் எடுத்துடுங்க. மொத்தத்தையும் தோண்டிக்கினு போனா வூடு எதும்மேல நிக்கும்? தண்ணிக்கு அந்தப் பாகயே ஊத்துங்க. பயமில்லாம ஒரு நா என் கெணத்துல நான் கை நனைக்கணும்" என்றாள். மண்டபமே கை தட்டியது. எனக்கும் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் பொது இடத்தில் இவ்வளவு பேசி நான் பார்த்ததேயில்லை. முந்தின நாள் அவள் உங்களோடு நெடுநேரம் போனில் இருந்தாள். நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பது என் சந்தேகம். இல்லையென்று எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை.

இப்போது பாகு இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் கொல்லையில் போட்ட குழாயிலிருந்து போன வாரம் தண்ணீர் எடுத்து, நிறம் குறைந்திருக்கிறது என்று ஜான்சி காட்டியது. பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகமே. இன்னும் குடிக்கவோ புழங்கவோ கூடாது என்று வேறு சொல்லிவிட்டுப் போனது. ராசம்மாள் மட்டும் அந்தப் பாட்டிலை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

என் பயம் இதுதான் மச்சான். கிருமிகளைப் பாகு கொடுத்துக் கோடிக்கணக்கில் வளர்க்கிறார்கள். விஷம் தீர்ந்தபின் அவை எதைத் தின்னும்? "பாக நிறுத்தினா தானா கொறஞ்சிடும் சார்" என்கிறது ஜான்சி. சாப்பாட்டை நிறுத்தியதும் தானாகக் கிளம்புகிற விருந்தாளியை நான் கண்டதில்லை. உங்களைச் சொல்லவில்லை. ஆகையால் நாங்கள் சிதம்பரத்துக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மேலவீதிப் பக்கம் சின்ன வீடு ஒன்று வாடகைக்குப் பார்க்கவும். தண்ணீர் எப்படி என்று முதலில் விசாரிக்கவும். ராசம்மாளிடம் மூச்சு விடவேண்டாம்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
தட்சிணாமூர்த்தி

பி.கு: வீடு பார்க்க வேண்டாம். இதை மடித்து உறையில் போடும் நேரத்தில் பாகு இறக்கும் பம்பு கெட்டுவிட்டது. சரிசெய்ய ஒரு வாரமாகும், அதுவரை நிறுத்தி வைக்கலாம் என்று ஜான்சி சொன்னது. "ஒரு வாரம் பட்டினியா? அதுங்க இன்னாம்மா பாவம் பண்ணுச்சு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். ராசம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த பம்பு மெக்கானிக் இருந்தால் உடனே பஸ் ஏற்றி அனுப்பவும். நம்பிக்கையான ஆளாக இருக்கட்டும்.