மாமியாருக்கு ஜோகூர்

குணாளனின் வயிறு எரிந்ததற்கும் காலையில் அவன் சாப்பிட்ட சம்பாலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கைப்பேசியில் அவனுடைய மாமியார் பேச்சியம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெசாரு கடற்கரையில் நின்றார். இடுப்பில் கை வேறு. படத்தை ஸ்டேட்டஸில் போட்டிருந்தவன் மூத்த மருமகன் விஜயன், குணாளனின் சகலை. கீழே 'அத்தையுடன் இனிய ஞாயிறு' என்று எழுதி மூன்று பூ, இரண்டு கும்பிடு.

போன வாரம் கோத்தா திங்கி அருவி. அதற்கு முந்தின வாரம் மெர்சிங்கில் பொரித்த கணவாயோடு. மூன்று மாதமாக ஒரு ஞாயிறு தப்பவில்லை.

"அத்தானைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி சாந்தினி. "ஆறு நாள் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுறாரு. ஏழாவது நாளும் படுக்காம அம்மாவுக்கு ஊர் சுத்திக் காட்டுறாரு. நாமளும்தான் இருக்கோம். அம்மா இங்க குளுவாங் வந்தா ஒரு கோப்பி வாங்கிக் குடுக்குறதோட சரி."

கல்யாணமாகிப் பத்து வருடமாகிறது. 'மாப்பிள்ளைன்னா அவருதான்' என்று பேச்சியம்மாள் சொல்லும்போதெல்லாம் அந்த 'அவரு' விஜயனாகவே இருந்தான். ஒரே ஒருமுறை அது தானாக இருக்க வேண்டும் என்பது குணாளனின் ஆசை. வேலை உயர்வுக்குக்கூட அவன் இவ்வளவு ஏங்கியதில்லை.

"வர்ற சனி, ஞாயிறு. ரெண்டே நாள். முழு ஜோகூர் மாநிலத்தையும் காட்டிடுறேன் பாரு. அவரு மூணு மாசத்துல செஞ்சதை நான் ரெண்டு நாள்ல முடிக்கிறேன் லா!"

சூடு ஆறுவதற்குள் விஜயனுக்குப் போன் போட்டான்.

"அத்தையையா? ரெண்டு நாளா?" விஜயனின் குரல் கம்மியது. "அவங்க இல்லாம எங்களுக்கு ஞாயித்துக்கிழமையே ஓடாதே, சகலை. இருந்தாலும் நீங்களும் மாப்பிள்ளைதானே, நான் எப்படித் தடுக்க முடியும்? எத்தனை மணிக்கு வருவீங்க?"

அந்தக் கம்மிய குரல் குணாளனை இன்னும் எரித்தது. என்ன பாசம், என்ன நடிப்பு!

சனிக்கிழமை விடியற்காலையில் கூலாயில் மாமியார் தங்கியிருந்த விஜயன் வீட்டுக்குப் போனபோது அவருடைய பை வாசல் கேட்டோரம் தயாராக இருந்தது. பக்கத்திலேயே மாமியாரும் தயார், கறுப்புக் கண்ணாடியுடன். குறை ஒன்றுதான். சாந்தினி வரவில்லை. அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஆளில்லை என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

இது சின்னக் குறை இல்லை. ஏனென்றால் பேச்சியம்மாள் பழைய முறைப்படி மாப்பிள்ளைகளிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமா என்று கேட்பதானாலும் மகளிடம் கேட்பார். மகள் மாப்பிள்ளையிடம் கேட்பாள். மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கார் நகர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்சீட்டில் பேச்சியம்மாள் போனை எடுத்தார்.

"சாந்தினி, ஏர்கோன் ரொம்பக் குளிருதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

போன் வைத்த அடுத்த நொடி குணாளனின் போன் வழியாகக் காரில் சாந்தினியின் குரல் ஒலித்தது. "ஏங்க, அம்மாவுக்குக் குளிருதாம். இங்க பத்துப் பேரு மருந்துக்கு நிக்கிறாங்க, சீக்கிரம் குறைங்க."

குணாளன் குறைத்தான். மறுபடி போன். வியர்க்கிறதாம். கோத்தா திங்கி போய்ச் சேர்வதற்குள் பதினோரு அழைப்புகள். பன்னிரண்டாவதுக்கு சாந்தினி எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அருவிக்குப் பிரியும் பாதையை அவன் தவறவிட்டான். பேச்சியம்மாள் பலகையைப் பார்த்துவிட்டார். மகளை அழைத்தார், பதிலில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னலிடம் சொன்னார்.

"சில காருக்குக் கண்ணே கிடையாதுபோல."

குணாளன் அதைத் தன்னுடைய பழைய காரைப் பற்றிய குத்தல் என்று எடுத்துக்கொண்டு, ரோஷத்தில் இன்னும் வேகமாக மிதித்தான். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பாதை தவறிய விஷயம் புரிந்தபோது மெர்சிங் வந்துவிட்டது. அங்கே மழை. காருக்குள் உட்கார்ந்தபடியே கடலைப் பார்த்தார்கள். கடலா மேகமா என்று தெரியவில்லை. அன்று ஸ்டேட்டஸில் போட ஒரு படமும் தேறவில்லை.

இரவு குளுவாங் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினார்கள். கிளினிக்குக்குப் போன சாந்தினி போனையே அணைத்துவிட்டாள். "நோயாளிங்க சண்டைக்கு வர்றாங்க. நீங்களாச்சு, அம்மாவாச்சு."

ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடை ஒன்றைப் பார்த்ததும் குணாளனுக்கு யோசனை உதித்தது. கையளவு மண்பூனை ஒன்றை வாங்கிக் காரின் முன்னால் வைத்தான்.

"அத்தை, சாந்தினிகிட்ட சொல்றதை இனிமே இந்தப் பூனைகிட்ட சொல்லுங்க."

பேச்சியம்மாள் பூனையை உற்றுப் பார்த்தார். அதன் முகம் அவருக்குப் பிடித்துப்போனது. குணாளன் செய்த பெரிய தப்பு அதுதான். மகளிடம் பேசினால் அவள் இடையில் போனை வைத்துவிடுவாள். பூனை வைக்காது.

"பூனை, பெரிய மாப்பிள்ளை இந்த ரோட்டுல ரெண்டு எளநீ வாங்கிக் குடுத்தாரு."

குணாளன் மூன்று வாங்கினான்.

"பூனை, மூணு எளநீ குடிச்சா என்ன ஆகும்னு இவருக்குத் தெரியாதா?"

குனோங் லேடாங் அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று.

"பூனை, பெரிய மாப்பிள்ளை இங்க எனக்குக் குடை பிடிச்சாரு."

குணாளனும் பிடித்தான், ஏறிய ஒவ்வொரு படியிலும். ஒரு கையில் குடை, மறு கையில் பூனை. பூனை இல்லாவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று மாமியார் யாரிடம் சொல்வார்? பார்த்தவர்கள் எல்லாரும் அவர்களை விட்டுவிட்டுப் பூனையைப் படம் எடுத்தார்கள்.

விட்டானா? அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, தஞ்சோங் பியாய். ஆசியாக் கண்டத்தின் தெற்குக் கோடி. இதற்கு மேல் காட்ட நிலமே இல்லை. இங்கே ஒரு நல்ல படம் கிடைத்தால் சகலை தூக்கத்தைத் தொலைப்பான் என்று கணக்குப் போட்டான்.

சதுப்புநிலத்துக்கு மேலே போட்டிருந்த நடைபாதையில் பாதி தூரம் வந்திருப்பார்கள். ஒரு குரங்கு வந்தது. குணாளனை முறைத்தது. பூனையைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் சேற்றில் வீசிவிட்டுப் போனது.

"அலமாக்!" என்று அலறிய குணாளன், பூனை போனால் மாமியாரின் பேச்சும் போயிற்று, படமும் போயிற்று என்ற பதற்றத்தில் கம்பியைத் தாண்டிக் குதித்தான். சேறு தொடை வரை வாங்கிக்கொண்டது. ஒரு செருப்பு போயிற்று. பூனையை எட்டிப் பிடிக்க இன்னும் ஓரடி வைத்தான். இன்னொரு செருப்பும் போயிற்று.

"மாப்பிள்ளை! வேணாம் மாப்பிள்ளை! மேல ஏறுங்க!"

குணாளன் திகைத்துப்போய் நின்றான். பத்து வருடத்தில் முதல் முறை. நேருக்கு நேர்.

பேச்சியம்மாள் முந்தானையை நீட்டி அவனை இழுத்து ஏற்றினார். கண் கலங்கியிருந்தது. "எனக்காகப் பெரியவரு ஒரு நாளும் சேத்துல இறங்குனதில்ல. மாப்பிள்ளைன்னா நீங்கதான். இனிமே ஊர் சுத்தணும்னா எனக்கு நீங்கதான், வேற யாரும் வேணாம்."

குணாளனுக்கு அழுகையே வந்துவிட்டது. சேறும் சிரிப்புமாக மாமியாரோடு படம் எடுத்து, அந்த வரிகளை அப்படியே எழுதி ஸ்டேட்டஸில் போட்டான். ஐந்து பூ, நான்கு கும்பிடு. விஜயன் பார்த்துவிட்டான் என்று போன் உடனே காட்டியது. பதில் வரவில்லை. எரியட்டும், நன்றாக எரியட்டும்!

திரும்பும் வழியெல்லாம் பேச்சியம்மாள் நேராகவே பேசிக்கொண்டு வந்தார். "அடுத்த ஞாயிறு எண்டாவ், மாப்பிள்ளை. அதுக்கடுத்து மூவார். ஜோகூர் முடிஞ்சா என்ன, பகாங் இல்லியா?"

"போலாம் அத்தை!" என்றான் வெறுங்காலோடு ஓட்டிக்கொண்டிருந்த குணாளன். சொர்க்கத்துக்கே கேட்டாலும் அன்று சரி என்றிருப்பான்.

கூலாய் வந்தபோது பேச்சியம்மாள் பின்சீட்டில் அசந்து தூங்கியிருந்தார். விஜயனின் வீடு பூட்டிக் கிடந்தது. சகலையின் கருகிய முகத்தைப் பார்க்க ஆசையாக வந்தவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவங்க எங்க போயிட்டாங்க?"

ராஜம்மா அவனைத் தலையிலிருந்து சேறு அப்பிய கால் வரை பார்த்தார்.

"சின்ன மாப்பிள்ளை நீங்கதானா தம்பி? உங்களுக்குப் பொறாமை வந்து மாமியாரைக் கூட்டிட்டுப் போவணும், ஞாயித்துக்கிழமையாவது நான் தூங்கணும்னு மூணு மாசமா படம் போட்டுக்கிட்டே விஜயன் பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்காய் வேண்டியிருந்தாரு; இன்னிக்கு உங்க படத்தைப் பாத்ததும் குடும்பத்தோட உடைக்கப் போயிட்டாரு!"