பார்க்காத ப்ளக்-இன்னுக்கு ஹெல்ப்

‘உதவி’ என்று தலைப்பை அடித்துவிட்டு, அடுத்த வரி வராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் தாட்சாயணி.

அலிபிரி ரோட்டில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்காக அங்கே ஒரு ப்ளக்-இன் தயாராகிறது. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரோடு சேர்த்துவிட்டால், தமிழ், தெலுங்கு இரண்டிலும் பத்திரிகையைத் தானே கோத்துக் கொடுத்துவிடும். எந்த பட்டனை அமுக்கினால் என்ன நடக்கும் என்று அதற்கு ஆன்லைன் ஹெல்ப் எழுதுவதுதான் அவள் வேலை. சங்கடம் என்னவென்றால், அந்த ப்ளக்-இன்னை அவள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

எழுந்து புரோகிராமர் ஹரிபாபுவிடம் போனாள்.

“சார், ஒருவாட்டி ஓட்டிக் காட்டினா எழுதிடுவேன்.”

ஹரிபாபு திரையை அவசரமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “முடிஞ்சாப்லதான் மா. லைட்டா பாலிஷ் பண்ணிக்கினு இருக்கேன். அச்சகத்துக்காரங்க இன்னா கேப்பாங்கன்னு யோசிச்சி நீயே எழுதிக் குடு. தப்பா இருந்தா திருத்தித் தரேன்.”

சாயந்தரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொந்த ஊரான குடிபாலாவுக்குப் போன் போட்டாள்.

“இன்னா வேலம்மா குடுத்தாங்க?” என்றார் அப்பா.

“ஹெல்ப் எழுதற வேல நைனா.”

“யாருக்கு ஒத்தாச பண்ற?”

“அதான் இன்னும் தெரியல.”

அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய் அவளைப் படிக்கவைத்தவர் அவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். வேலை நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பவேண்டும். திரும்புவதில்லை என்ற முடிவோடு பூத்தை விட்டு வெளியே வந்தாள்.

மறுநாள், ‘மேலே இடது மூலையில் உள்ள பச்சை பட்டனை அமுக்கவும்’ என்று குத்துமதிப்பாக ஆரம்பித்து, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். ஹரிபாபு கவனமாகப் படித்தார்.

“சரியா இருக்குது.”

“ஒரு தப்புகூடவா இல்ல சார்?”

“இல்ல மா. பச்சைதான்.”

பார்க்காமல் எழுதியது எப்படிச் சரியாக இருக்கும்? புதுப் பெண் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறார். பிறகு உட்கார்ந்து அவரே திருத்திக்கொள்வார் போலிருக்கிறது. தாட்சாயணிக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சித்தூருக்குப் போனாள். கம்பெனியின் வாடிக்கையாளர் நாகையாவின் அச்சகத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தாள். பத்திரிகையில் ஒரு பெரியப்பா பேர் விட்டுப்போனதற்கு அங்கே கைகலப்பே நடந்தது. திரும்பி வந்து எழுதினாள்: ‘பெரியப்பா முதலான உறவினர் பெயர் ஏதேனும் விடுபட்டிருந்தால், ப்ளக்-இன் உடனே எச்சரிக்கும்.’

அதைப் படித்த ஹரிபாபு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “யார் பேரு உட்டுப்போச்சின்னு அதுக்கு எப்டி மா தெரியும்?”

“தெரியாதா சார்? அப்ப எடுத்துடட்டுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் முதலாளி கிருஷ்ணப்பா உள்ளே வந்தார். “சால பாக உந்தி மா, ரொம்ப நல்லாருக்குது. உன் ஹெல்ப்ப நாகையாவுக்கு ஃபேக்ஸ் பண்ணேன். அந்தப் பெரியப்பா மேட்டர் படிச்சிட்டு மனுஷன் உடனே ஆர்டர் குடுத்துட்டாரு.”

ஹரிபாபு அவசரமாகத் தலையாட்டினார். “தெரியும் மா. அதுக்குத் தெரியும். இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு அவர் முந்தின நாள் சட்டையோடே ஆபீஸ் வர ஆரம்பித்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். தன் தப்புகளைத் திருத்தித்தான் மனிதர் இப்படித் தேய்கிறார் என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. அவர் பாரத்தைக் குறைக்க இன்னும் விளக்கமாக எழுதினாள். முகூர்த்த நேரம் ராகுகாலத்தில் விழுந்தால் திரை சிவக்கும் என்றாள். குத்துமதிப்பாக எழுதிய பச்சை பட்டன் மனதை உறுத்தவே, அதை நீலமாக்கினாள்.

“ஏம்மா மாத்தின?” என்றார் ஹரிபாபு.

“பச்சை குத்துமதிப்பா எழுதினது சார்.”

“குத்துமதிப்பே நல்லாத்தான மா இருந்திச்சி.”

நாகையா ப்ளக்-இன்னைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் ஹரிபாபு ஆபீசுக்கே வரவில்லை. தாட்சாயணி ஆபீசில் யாரிடமும் சொல்லாமல் விலாசம் தேடிப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவேண்டும், இன்றைக்காவது அந்த ப்ளக்-இன்னைப் பார்த்துவிடவேண்டும்.

அவர் மனைவி ரூபா கதவைத் திறந்தாள். உள்ளே ஹரிபாபு கீபோர்டு மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான்தான் ஹெல்ப் எழுதற தாட்சாயணி. என் தப்பத் திருத்தித் திருத்தியே சாருக்கு இப்டி ஆயிடிச்சி. ப்ளக்-இன்ன ஒருவாட்டி காட்டச் சொல்லுங்க. பாத்துட்டு நானே சரிபண்ணிக்கிறேன்.”

ரூபா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க மா கீது ப்ளக்-இன்னு? நீ எழுதறதப் பாத்துப் பாத்துத்தான அவரு அதச் செஞ்சிக்கினே கீறாரு.”