எட்டு மாதமாகப் பிடிபடாத கோழி

இந்தக் காலத்தில் விளையாட்டுக்கும் படிப்பு என்று பேர் வைத்துவிடுகிறார்கள். படிப்பென்றால் வாத்தியார் கத்த வேண்டும், படிக்கிறவன் நடுங்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன லாரிக்காரருக்கே அது தெரியும். இந்தப் பயிற்சி மையத்தில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தருகிறார்களாம். வாசலில் நின்றால் கோழி கொக்கரிக்கிற சத்தந்தான் கேட்கிறது.

அவர் மனைவிக்குக் கண் போய் ஐந்து வருஷம். நாலு வருஷம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள், இங்கே சேர்ந்த பிறகுதான் வீட்டில் மறுபடி சண்டை போடவே ஆரம்பித்தாள். அதனால் தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளி பெஞ்சில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பார்.

கூடச் சேர்ந்தவர்கள் மூன்றாம் அறை வரை முடித்துப் போய்விட்டார்கள். இவளும் நடுவில் அந்தப் பக்கம் போனாள்தான். பிறகு முதல் அறைக்கே இறக்கிவிட்டார்கள். எட்டு மாதமாக அதே அறை, அதே கோழி.

"ஏங்க, வகுப்புல ஒரு விஷயம்..." என்று இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தாள்.

பெயிலான கதையை அவள் வாயாலேயே சொல்லவைப்பானேன்? "சரி சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரிய மனசோடு பேச்சை வெட்டிவிட்டார்.

இன்று காலை இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள்: "இன்னிக்குள்ள நூறு கோழி பிடிக்காதவங்களுக்கு அடுத்த வாரம் இடம் கிடையாதாம்."

லாரிக்காரர் பெஞ்சை விட்டு எழுந்தார். மறுபடியும் அந்தச் சுவரா?

மனைவி ஆபீஸ் அறைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்குப் பதிலாக நூறு கோழியைப் பிடித்துவைத்துவிட்டால் போச்சு. ஆனால் ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது.

"ஏம்மா, இது எரியலையே?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கேட்டார்.

"யார் பாக்கறதுக்குத் தாத்தா எரியணும்?"

நியாயந்தான்.

அவளே சொல்லிக் கொடுத்தாள். இடக் காதில் கோழி கத்தினால் இடது அம்புக்குறி, வலக் காதில் கத்தினால் வலது, இரண்டிலும் கத்தினால் எண்டர். மலைப்பாதையில் லோடு லாரியைத் திருப்பியவருக்கு இதென்ன பிரமாதம்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினார்.

"தப்பு. மறுபடியும்!" என்றது காதுக்குள் ஒரு பெண் குரல். அந்தத் தொனி அவருக்குப் புதிதல்ல. நாற்பது வருஷமாக வீட்டில் கேட்பதுதான். மெஷின்கூட இவரிடம் இப்படித்தான் பேசுகிறது.

ஒன்பது தப்புக்கு அப்புறம் பக்கத்துப் பெண் கை நீட்டி வயரைத் தடவிப் பார்த்தாள். "இடம் வலம் மாத்தி மாட்டியிருக்கீங்க தாத்தா."

அவசரமாகக் கழற்றினார். வயர் பிடுங்கிக்கொண்டது. கோழி ஸ்பீக்கரில் அறை முழுக்க அலறியது. தங்கள் கோழிதான் என்று நினைத்து வரிசையில் இருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் தட்டினார்கள். ஆறு கோழியும் ஓடிப்போயின.

அலறலை நிறுத்த லாரிக்காரர் கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் வரிசை மொத்தமும் அணைந்தது.

"ஐயோ, எனக்குத் தொண்ணூத்தெட்டு!"

"எனக்குத் தொண்ணூத்தொம்பது!"

"புதுசா சேர்ந்தவரா? மொத நாள் எல்லாரும் இப்படித்தான்" என்று மூலையிலிருந்து ஒருவர் ஆறுதல் சொன்னார்.

சத்தம் கேட்டு, அறை கூட்டுகிற அம்மா ஓடிவந்தாள்.

"தாயே, தப்பு என்னோடது" என்று லாரிக்காரர் கையைக் கூப்பினார். "என் வீட்டுக்காரிக்கு மூளை கொஞ்சம் மெதுவு. இந்த ரூமைத் தாண்டவே மாட்டேங்கறா. அவளை வீட்டுக்கு அனுப்பிடாம, டீச்சர்கிட்ட எப்படியாவது பாஸ் போடச் சொல்லு."

"யாரைச் சொல்றீங்க பெரியவரே?"

"தினமும் நான்தானே கொண்டுவந்து விடறேன். எட்டு மாசமா இதே கோழியோட கிடக்கறாளே, அவதான்."

அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆபீஸ் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"டீச்சர்! உங்களைப் பாஸ் போடச் சொல்லி உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு!"

லாரிக்காரர் யார் காலிலும் இடிக்காமல் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சைப் பார்த்து நடந்தார். டீச்சராம். இருக்கட்டும். அதுக்காகக் கோழி பிடிக்கறது படிப்பாகிடுமா?

உள்ளே யாரோ பிளக்கைச் சொருகினார்கள். கம்ப்யூட்டரில் பதிந்துவைத்திருந்த அவர் மனைவியின் குரல் ஸ்பீக்கரில் தெரு வரைக்கும் கேட்டது.

"தப்பு. மறுபடியும்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.